செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைச் சுற்றும் லூவிட் பாதை: மலைநாட்டுத் தமிழருக்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையை ஒரு முழு வட்டமாகச் சுற்றிவரும் லூவிட் நடைபாதையை, மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியார், குமுளி வட்டாரத்துத் தமிழர்களை மனத்தில் வைத்து மதிப்பிட்டு எழுதுகிறேன். எஸ்டேட் லயங்களில் பிறந்து படித்து முன்னேறிய நம் பிள்ளைகளில் சிலர் இன்று போர்ட்லாண்ட், சியாட்டில் பக்கம் வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் உறவினர்கள் கடைவீதியையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூட்டையை முதுகில் சுமந்து மேடு ஏறத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் முடிவு. பாதை கடினமானது, நிழல் குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு, வசதி என்று சொல்ல ஏதுமில்லை. இருந்தும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரு பெரும் அழிவுக்குப் பிறகு நிலம் தன் போக்கில் எப்படி மீள்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு நாடு அந்த மலையைக் கைவைக்காமல் விட்டுவைத்து, அதன் ஊடே நடப்பதற்கு நமக்கு வழியும் விட்டிருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

அங்கே நடந்தது என்ன என்பது தெரியாமல் போனால் பாதி இடங்கள் வெறும் கல்லும் மணலுமாகத்தான் தெரியும். 1980 மார்ச்சில் அந்த மலை நெடுங்கால உறக்கத்திலிருந்து விழித்தது. உள்ளே ஏறிவந்த எரிகுழம்பு வடக்குச் சரிவை நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் வீதம் வெளியே தள்ளி வீங்க வைத்தது. மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32 மணிக்கு 5.1 அளவிலான நிலநடுக்கம் ஒன்று வந்ததும், வீங்கிய அந்தச் சரிவு முழுவதும் பிரிந்து கீழே பாய்ந்தது. மனிதர் பதிவு செய்தவற்றுள் மிகப் பெரிய நிலச்சரிவு அதுதான். மேல்மூடி அகன்றதால் உள்ளே அடைபட்டிருந்த வாயு பக்கவாட்டில் வெடித்து, ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் காட்டை அழித்தது. ஐம்பத்தேழு பேர் இறந்தார்கள். வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் நின்று மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற முப்பது வயது எரிமலை ஆய்வாளரும் அவர்களில் ஒருவர். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. மலையின் உயரம் 2,950 மீட்டரிலிருந்து 2,549 மீட்டராகக் குறைந்தது. நம் ஆனமுடி 2,695 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் கணக்கு நன்றாக மனத்தில் பதியும்: ஆனமுடியைவிட உயரமாக இருந்த ஒரு மலை, ஒரே காலையில் அதைவிடத் தாழ்ந்துபோனது.

பாதையின் நீளம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். பெரும்பாலோர் மூன்று நாட்களில் முடிக்கிறார்கள், வேகமாக ஓடுகிறவர்கள் ஒரே நாளிலும் முடிக்கிறார்கள். மலையுச்சிக்கு ஏறும் பாதை அல்ல இது; இடுப்பைச் சுற்றிக் கட்டிய கச்சைபோல மலையின் நடுமட்டத்தில் ஓடுவது. உயரத்தைப் பார்த்தால் மூணாறு நகரத்தின் உயரத்தைக்கூடத் தாண்டாது என்பதால், நம்மவர்களுக்கு மூச்சுத் திணறல் பற்றிய கவலை வேண்டாம். ஆனால் மலையிலிருந்து நாலாபுறமும் இறங்கும் நீரோடைகள் தளர்ந்த சாம்பல் மண்ணை ஆழமாக அறுத்திருப்பதால், வரைபடத்தில் சமமாகத் தெரியும் தொலைவு முழுவதும் உண்மையில் இறக்கமும் ஏற்றமுமாகவே இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் நடப்போம் என்று மூணாற்றில் உட்கார்ந்து போடும் கணக்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும்.

நாங்கள் தெற்கே ஜூன் ஏரியின் பக்கமிருந்து தொடங்கி, மலையை வலப்புறம் வைத்துச் சுற்றினோம். என் அக்கா மகள் போர்ட்லாண்டில் இருக்கிறாள். அவளும், குமுளியிலிருந்து வந்திருந்த என் மைத்துனரும் உடன் நடந்தார்கள். தெற்குப் பகுதி பழைய எரிகுழம்பு உறைந்த கரும்பாறைக் குவியல்களால் ஆனது. அங்கே பாதை என்று ஒன்று தரையில் இல்லை. பாறைகளுக்கு நடுவே நட்டிருக்கும் கம்பங்களைப் பார்த்துக் கல்லுக்குக் கல் தாவ வேண்டும். மூடுபனி இறங்கும் நாளில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்தது தெரியாது என்பதால், கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருப்பது கட்டாயம். மேற்குப் பக்கம் ஷீப் கேன்யன் பகுதியில் வெடிப்புக்குத் தப்பிய முதிர்ந்த காடு வருகிறது. வட்டம் முழுவதிலும் தாராளமாக நிழல் கிடைப்பது ஏறக்குறைய அங்கு மட்டும்தான். அதைக் கடந்து டவுட்டில் ஆற்றின் தென்கிளைக்கு இறங்கும்போது பாதை செங்குத்தான மண்சுவராக மாறுகிறது. நாங்கள் போனபோது அங்கே கயிறு கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தக் கரை இடிந்து மாறிக்கொண்டே இருப்பதால், கயிற்றை நம்புமுன் அதன் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது.

ஆற்றைத் தாண்டி வடக்கே திரும்பிய பிறகுதான் இந்தப் பயணத்தின் உண்மையான மதிப்பு தொடங்குகிறது. பியூமிஸ் சமவெளி, அதாவது நுரைக்கல் சமவெளி, என்று அழைக்கப்படும் அந்த நிலம், உடைந்து திறந்த எரிமலை வாய்க்கு நேர் எதிரே விரிந்து கிடக்கிறது. 1980இல் முதலில் நிலச்சரிவும், பிறகு பல நூறு டிகிரி வெப்பத்தில் நுரைக்கல்லும் சாம்பலும் கலந்த எரிபாய்ச்சலும் அதன்மேல் படிந்தன. விதை, வேர், புழு என்று எதுவும் அங்கே மிஞ்சவில்லை. மற்ற இடங்களில் நிலைமை வேறு. மே மாதமாக இருந்ததால் பனிக்கடியில் புதைந்திருந்த சிறு கன்றுகள் பிழைத்தன. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் கோஃபர் என்ற எலியினமும் பல இடங்களில் பிழைத்தது. ஆனால் சமவெளி முழுவதும் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது. அங்கே முதலில் வேரூன்றியது லூபின் என்ற நீலப்பூச் செடி. நம் அவரை, துவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அது, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தன் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குக் கொண்டுவரக் கூடியது. அதனால்தான் உரமே இல்லாத நுரைக்கல்லில் அதனால் வாழ முடிந்தது. அது மடிந்து மக்கிய இடத்தில் பிற செடிகளும் வந்தன.

பிறகு எல்லாம் நேராக வளர்ந்துவிடவில்லை என்பதைப் பாதையிலேயே பார்க்கலாம். லூபின் செழித்த இடங்களில் அதைத் தின்னும் புழுக்கள் பெருகிப் பெருங்கூட்டங்களை அழித்திருக்கின்றன; சில ஆண்டுகளில் அச்செடிகள் திரும்ப முளைத்திருக்கின்றன. ஓடைக்கரைகளில் வில்லோ மரங்கள் புதர் உயரத்துக்கு மேல் எழும்பாமல் நிற்பதைக் கண்டு தண்ணீர்க் குறையோ என்று எண்ணினோம். அக்கா மகள்தான் தண்டில் இருந்த துளைகளைக் காட்டி, வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு வண்டு தண்டைக் குடைந்து அவற்றை வளரவிடாமல் தடுப்பதாக விளக்கினாள். 1983இல் ஆய்வாளர்கள் சில கோஃபர் எலிகளைக் கொண்டுவந்து, வேலியடைத்த நுரைக்கல் திடல்களில் ஒரே ஒரு நாள் தோண்ட விட்டார்கள். அவை அடியிலிருந்த பழைய மண்ணையும் அதிலிருந்த பூஞ்சைகளையும் மேலே கொண்டுவந்தன. ஆறு ஆண்டுகளில் அந்தத் திடல்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் இருந்தன, சுற்றிலும் நிலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. தேயிலைத் தோட்டத்தில் மண்ணைக் கிளறும் எலியையும் பன்றியையும் எதிரியாகவே பார்த்துப் பழகிய எனக்கு, அந்தச் சமவெளியில் நின்று இதை நினைத்துப் பார்த்தது பெரிய மனநிறைவைத் தந்தது.

ஊருக்கு வந்து படங்களைக் காட்டியபோது, எங்கள் லயத்தில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் கேட்ட கேள்வி இந்த மதிப்புரையின் மையத்துக்கே வருகிறது. "நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மரம் வைக்காமலா விட்டிருக்காங்க? காசு இல்லையா அவங்ககிட்ட?" என்றார். மலைச்சரிவை வெறுமையாகக் கண்டால் உடனே எதையாவது நட வேண்டும் என்பது தோட்டத்தில் உழைத்தவர்களின் இயல்பு, அது நல்ல இயல்பும்கூட. அவருக்கு நான் சொன்ன பதில் இது: அங்கே இரண்டையுமே செய்திருக்கிறார்கள். வெயர்ஹாய்சர் என்ற மர நிறுவனம் தனக்குச் சொந்தமான, அழிந்த நிலத்தில் 1 கோடியே 80 லட்சம் மரக்கன்றுகளைக் கைகளாலேயே நட்டது. அவை இன்று ஒரே வயதில், ஒரே உயரத்தில் அடர்ந்து நிற்கின்றன, அறுவடையும் தொடங்கிவிட்டது. அதற்கு அப்பால் சுமார் 1,10,000 ஏக்கர் நிலத்தை 1982இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தேசிய எரிமலை நினைவுச்சின்னமாக அறிவித்து, இயற்கை தன் வேகத்தில் மீள விட்டுவிட வேண்டும் என்று சட்டம் செய்தது. நெடுஞ்சாலையில் வரும்போது இரண்டும் அடுத்தடுத்துத் தெரிகின்றன. நட்ட காடு பார்வைக்கு முழுமையாக இருக்கிறது. நடாத நிலத்தில் வெள்ளெலும்பு போன்ற பழைய மரங்கள் கிடக்க, அவற்றினிடையே பூச்செடிகளும் ஆல்டர் புதர்களும் இளம் ஊசியிலை மரங்களும் பறவைகளும் தவளைகளும் கலந்து நிற்கின்றன. முதலாவது மரத்தைத் தந்தது. மண் எப்படி மண்ணாகிறது என்ற அறிவை இரண்டாவது தந்தது, அதை வேறு எங்கும் விலைகொடுத்து வாங்க முடியாது.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த நம் மக்கள் 70 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தைச் சுமந்தபடி வாழும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு, செயின்ட் ஹெலன்ஸ் வெறும் காட்சியிடமாக இருக்க முடியாது. அங்கே காப்பாற்றப்பட்ட நிலத்தில் வீடுகள் இல்லை, அதனால் காத்திருக்க முடிந்தது. இங்கே மக்கள் வாழ வேண்டும், வேலை செய்ய வேண்டும். ஆகவே அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் சரிந்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பகுதியையாவது மனிதர் கைபடாமல் விட்டு, ஆண்டுதோறும் அளந்து எழுதிவைக்கும் பழக்கம் நம் மலைகளுக்கு மிகவும் தேவை என்று அந்தப் பாதையில் நடந்த ஒவ்வொரு மணி நேரமும் எனக்குத் தோன்றியது.

இனி, பாதையைப் பராமரிக்கும் வனத்துறையின் சேவையைப் பற்றி. வட்டப் பாதையில் நடப்பதற்கு மலையேற்ற அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. 4,800 அடிக்கு மேல் உச்சியை நோக்கி ஏறுகிறவர்களுக்குத்தான் அது தேவை. சில தொடக்க இடங்களில் வண்டி நிறுத்த ஒரு நாளுக்கு 5 டாலர் சீட்டு வாங்க வேண்டும். இவ்வளவு பெரிய ஓர் அனுபவத்துக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. விதிகள் கடுமையானவை, அதே சமயம் தெளிவானவை: வடபுறத் தடைப்பகுதியில் கூடாரம் அடிக்கக் கூடாது, பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது, மீறினால் அபராதம் உண்டு. காவலர் யாரும் நிற்பதில்லை. ஆனால் எதிரே வந்தவர்கள் அனைவரும் விதியைக் காத்தே நடந்தார்கள். நுரைக்கல் மண்ணில் ஒரு காலடித் தடம் பல காலம் அழியாது என்பதையும், அங்குள்ள ஆய்வுத் திடல்கள் பல பத்தாண்டுகளாக அளக்கப்பட்டு வருவதையும் அறிவிப்புப் பலகைகள் விளக்குகின்றன. தடுத்துவிட்டுக் காரணத்தையும் சொல்லும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த விதியால் வடபுறம் முழுவதையும் ஒரே நாளில் கடந்து விண்டி கணவாய்க்கு அப்பால் போய்த்தான் தங்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் வயதானவர்களுக்குச் சிரமம்.

சமவெளியிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் ஸ்பிரிட் ஏரியின் கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. நிலச்சரிவு அதன் நீர்மட்டத்தைச் சுமார் 60 மீட்டர் உயர்த்தி, இயல்பான வெளிவழியையும் அடைத்துவிட்டது. ஏரி தளர்ந்த மண்ணை உடைத்துக்கொண்டு கிளம்பினால் கீழேயுள்ள ஊர்கள் மூழ்கும் என்பதால், 1985இல் சுமார் 2.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து நீரை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். தேக்கடித் தண்ணீர் மலைக்குள் புகுந்து தேனிப் பக்கம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த என் மைத்துனர் அந்த இடத்தைவிட்டு நகர மனமின்றி நின்றார். அந்தச் சுரங்கத்தின் வாயிலைப் பழுதுபார்க்கச் சமவெளியின் குறுக்கே வண்டிப்பாதை போட வேண்டும் என்று வனத்துறையும், அது ஆய்வு நிலத்தைக் கெடுக்கும் என்று அறிவியலாளர்களும் வாதிட்டார்கள். கீழே வாழும் மக்களின் உயிர்தான் முதலில் என்பது என் கருத்து. ஆனால் பாதையைக் குறுக்கி, ஆய்வுத் திடல்களைச் சுற்றிப் போட வேண்டும்.

நுரைக்கல்லில் நடப்பதற்கு எதை எடுத்துச் செல்வது என்பதில் நம் ஊர்ப் பொருள் ஒன்று எல்லாவற்றையும் மிஞ்சியது. மூணாறு கடைத்தெருவில் அட்டைக்கடிக்காக விற்கும், முழங்கால் வரை ஏறும் துணிக் காலுறையைத்தான் சொல்கிறேன். எரிமலைச் சாம்பல் உண்மையில் பொடிக் கண்ணாடி. நுரைக்கல் துணுக்குகளும் கூரானவை. காலணிக்குள் அவை புகுந்தால் சில மணி நேரத்தில் தோல் உரியும். நெருக்கமாக நெய்த அந்தக் காலுறையைச் சாதாரணக் காலுறைக்கு மேல் போட்டுக் காலணி அணிந்தால் ஒரு துகளும் உட்புகவில்லை. அக்கா மகள் அங்கே வாங்கிய விலையுயர்ந்த கணுக்கால் உறையின் அடிப்பட்டை பாறையில் உரசி அறுந்துபோயிற்று. நம் காலுறை தோய்த்து உலர்த்தியபின் இன்னும் புதிதாகவே இருக்கிறது. வெயிலில் கால் கொஞ்சம் வேகும் என்பது மட்டுமே அதன் குறை.

தண்ணீர் வடிகட்டியைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். பனியாற்றிலிருந்து வரும் ஓடைகள் சாம்பல் கலங்கலாக ஓடுகின்றன. அந்த நீரை நேராக வடிகட்டியில் ஊற்றினால் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தில் பிடித்து, ஒரு மணி நேரம் தெளிய விட்டு, மேல்நீரைப் பழைய வேட்டித் துணியில் வடித்த பிறகே வடிகட்டியில் ஊற்ற வேண்டும். தெற்கிலும் கிழக்கிலும் கோடைமுடிவில் பல ஓடைகள் வறண்டுவிடுவதால் ஒருவருக்கு மூன்று, நான்கு லிட்டர் சுமக்க இடம் வைத்துக்கொள்ள வேண்டும். கூடார முளைகள் நுரைக்கல்லில் நிற்காது. கயிற்றைக் கல்லில் சுற்றிப் புதைப்பதே வழி. இரண்டு ஊன்றுகோல்கள் இன்றி மண்சுவர்களில் இறங்க வேண்டாம். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதைப் போர்ட்லாண்டில்தான் வாங்க வேண்டும். அவல், வறுத்த கேழ்வரகு மாவு, புளிக்காய்ச்சல் ஆகியவை எங்களுக்குப் போதுமாக இருந்தன. எந்த உணவுப் பொருளைக் கொண்டுபோனாலும் அமெரிக்கச் சுங்கத்தில் மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும்.

மலைக்குப் பேருந்து கிடையாது. உறவினர் வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் போக வழியில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். அதற்கு முன் பல இடங்களில் பனி கிடக்கும். மேற்கிலிருந்து வரும் 504ஆம் எண் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பாலம் 2023 மே மாதச் சரிவில் அடித்துச் செல்லப்பட்டது. அதனால் ஜான்ஸ்டன் பெயரில் அமைந்த பார்வையாளர் கூடம் மூடப்பட்டது. புறப்படுமுன் அந்தச் சாலையின் நிலையை வனத்துறையிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், உயரத்திலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றுகிறவர்களுக்கும் முழு வட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு வடகிழக்கில், திறந்திருக்கும்போது விண்டி முகடு வரை வண்டி போகும் 99ஆம் எண் வனச்சாலை இருக்கிறது. முகட்டில் நின்றாலே எரிமலை வாயும், உள்ளே எரிகுழம்பு உறைந்து புதிதாக எழுந்த குமிழும், ஏரிமேல் இன்றும் மிதக்கும் மரக்கட்டைகளும் தெரியும். சற்று நடக்க முடிந்தவர்கள் அதே சாலையிலிருந்து ஹார்மனி பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இறங்கினால் ஸ்பிரிட் ஏரிக்கரைக்கே போகலாம். பொதுமக்கள் ஏரிக்கரையைத் தொட அனுமதி உள்ள வழி அதுதான். திரும்பி வருவது முழுவதும் நிழலற்ற ஏற்றம் என்பதால், அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் இறங்கத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் மேலே வந்துவிட வேண்டும்.